பேர் வெட்டின தட்டுகள்

பயிற்சி கொடுக்க வந்தவர் போர்டில்
வட்டம் ஒன்று வரைந்தார்,
பச்சை மையில், அம்புக்குறி போட்டு.
"இதுதான் சுழற்சி" என்றார்.
பேட்டரி வண்டி ஓட்டுகிற நாங்கள்
பின்வரிசையில் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம்.

வட்டம் எங்களுக்குத் தெரியாததா.
ஞாயிற்றுக்கிழமை மஞ்சள் நீராட்டு.
திங்கள் காலை என் வண்டியில்
முந்நூறு தெர்மோகோல் தட்டு, ரசம் ஒட்டினபடி.
செவ்வாய் கொடுங்கையூர்.
வெயில் ஏறினால் மேடு பற்றிக்கொள்ளும்.
காற்று திரும்பினால்
அதே தட்டு
புகையாக
எங்கள் மூன்றாவது மாடி ஜன்னல் ஏறி
பிள்ளையின் மூக்கில் உட்காரும்.
அம்புக்குறி ஒன்றும் குறைவதில்லை.

இதை நான் எழுந்து சொல்லவில்லை.
அப்போது சமோசா கொடுத்தார்கள்,
பளபளவென்று பிளாஸ்டிக் பூசின தட்டில்.

*

ஜபருல்லா பாயின் காயலாங்கடை
கணேசபுரம் சுரங்கப்பாதைக்கு இந்தப் பக்கம்.
மழைக்குப் பயந்து எதையும்
இடுப்புக்கு மேலேதான் அடுக்குவார்.
உருக்கப் போகக் காத்திருந்தன எவர்சில்வர் தட்டுகள்.
"கிலோ என்னா பாய்?"
"நீ போட்றவளாச்சே, எப்போலேர்ந்து வாங்குறவ ஆன?"

சீட்டு எடுத்த பணம் பரிபூரணத்துடையது.
நூற்று நாற்பத்திரண்டு தட்டு, இரண்டு நடை.
எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் பேர்:
லோகாம்பாள், 1979.
ஸ்டெல்லா, புதுநன்மை நினைவாக.
அன்பளிப்பு, மில் நண்பர்கள், பெரம்பூர்.
ஒன்றில் வெறும் 'கு' மட்டும்,
காசு அங்கேயே தீர்ந்திருக்கும்.
சிலதில் பேருக்குப் பின்னால் ஜாதியும்.
எழுத்துக்கு இவ்வளவு என்று வாங்குகிற வேலையில்
அதற்கும் கொடுத்திருக்கிறார்கள்.

"கண்டவன் துன்ன தட்டுலயா?" என்றது கே பிளாக்.
"ஓட்டல்ல இன்னா, ஒம்பேரு வெட்னதுலயா போட்றான்?"
என்றாள் பரிபூரணம்.

*

முதல் விசேஷம் தோற்றுத்தான் போனது.
லாரித் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்,
அன்றைக்கு விட்ட நாள்.
ராத்திரி பதினொன்றரைக்கு
நாங்கள் இரண்டு பேர், எச்சில் மலை, அரைக்குடம்.
தெர்மோகோலே தேவலை என்று நினைத்தேன்.
பொய் சொல்ல மாட்டேன், நினைத்தேன்.

அப்புறம் கணக்குப் போட்டோம்.
தட்டுக்கு மூன்று ரூபாய் வாடகை,
அது கழுவுகிற கைக்கு.
மிச்சத்தை முதலில் வழிக்க ஒரு டிரம்,
அது மக்கி மாடி முருங்கைக்கு.
மூன்று தொட்டி. கடைசித் தொட்டித் தண்ணீர்
படிக்கட்டைக் கழுவி இறங்கும்.
இப்போது கைகள் எங்களைத் தேடி வருகின்றன.
என் வண்டி திங்கட்கிழமைகளில்
மேட்டில் முனகாமல் ஏறுகிறது.

*

போன மாதம் எட்டியப்பனுக்குப் பதினாறாம் நாள்.
பந்தியில் குணபூஷணி, இரண்டாவது மாடி.
அவள் முன்னால் போட்ட தட்டில்
மாசிலாமணி – குணபூஷணி,
மணநாள் 9-6-1994.

நான் பார்த்துவிட்டேன். சாம்பார் வாளியோடு நின்றேன்.
அவன் இப்போது எண்ணூரில், இன்னொருத்தியோடு.
தட்டுகள் எந்த வருஷம், எந்தப் பசிக்கு
கிலோ கணக்கில் போயின என்று
கே பிளாக்கில் யாருக்கும் தெரியாது.

சோற்றை விலக்கினாள்.
தேதியை விரலால் ஒருமுறை தடவினாள்.
சோற்றைத் திரும்ப அதன்மேல் தள்ளினாள்.
"இன்னா பாக்குற, ஊத்து."
ஒரு வாய் வைத்துவிட்டு,
"உப்பு கம்மி."

அன்று இரவு கழுவி எண்ணினோம்.
நூற்று நாற்பத்து மூன்று.
பரிபூரணம் திரும்ப எண்ணினாள்.
நூற்று நாற்பத்து மூன்றுதான்.
அதே எழுத்து, அதே தேதி, இரண்டு தட்டு.
ஒன்றில் மட்டும் கீறலே இல்லை,
இத்தனை வருஷமும் ஏதோ துணிக்கடியில் இருந்ததுபோல.

நோட்டில் பழைய எண்ணை அடித்துப்
புதியதை எழுதினேன்.
'யாரிடமிருந்து' என்ற கட்டத்துக்கு வந்ததும்
பேனாவை மூடினேன்.